உப்புக்கறியும் என் நாத்தனாரும்

என் கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு முன்னால் பந்தல் போட்டு பிரியாணி பரிமாறினார்கள். அவள் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த பாட்டிலைத் திறந்து இரண்டு மிடறு குடித்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்த அக்கா. என் அம்மா போய் எவ்வளவோ கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. "நாங்க இதெல்லாம் சாப்பிடறதில்லைங்க" என்றாள். அந்த "நாங்க"வை நான் அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த "நாங்க" அவள் போன இடம். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் தானியக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அவர்கள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள், ஒரு பேச்சின் பேரில். பிறந்த வீட்டுச் சாப்பாடு, பிறந்த வீட்டுப் பழக்கம் எதுவும் கூடாது. அவளும் விட்டாள். எப்படி விட்டாள் என்றால், பிறந்த வீட்டில் எல்லாரும் அழுக்கு, தான் மட்டும் குளித்து முழுகி வந்தவள் என்பதுபோல.

பிள்ளை இல்லை. புருஷன் போன வருஷம் கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். காரியம் முடிந்ததும் அவருடைய அண்ணன், "கொஞ்ச நாளு உங்க தம்பி வூட்டுல இருந்துட்டு வாம்மா" என்று டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கொஞ்ச நாள் முடியவே இல்லை. கூப்பிட யாரும் வரவில்லை.

வந்தவள் முன் அறையை எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறையும் ஒரு சமையல் இடமும்தான். அவள் சமைப்பதற்கு முன்னால் என் அடுப்பை மஞ்சள் தண்ணீரால் துடைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைப்பாள். நான் முட்டை பொரித்த நாளில் இரண்டு தரம். அவளுக்குத் தனி வாணலி, தனி கரண்டி, ஃப்ரிஜ்ஜில் மேல் தட்டு முழுக்க அவளுடையது. என் வீட்டுக்காரர் பங்காரப்பேட்டையில் வேன் ஓட்டுகிறவர். அக்காவையும் எதிர்க்கமாட்டார், என்னையும் எதிர்க்கமாட்டார். "உடும்மா, பெரியவங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தை ஓட்டிவிடலாம் என்று அவர் நினைத்தார்.

நான் பெங்களூரில் ஒரு சாண்ட்விச் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். இருட்டோடு எழுந்து ரயில் பிடித்தால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர் முதலாளி. அங்கே பழைய கடைகளில் கிடைப்பதுபோலவே செய்யவேண்டும் என்று பிடிவாதம். அதில் பேர்போனது ரூபன் என்கிற சாண்ட்விச். எங்கள் ஊரில் ரூபன் என்றால் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன் பேர், அங்கே அது ரொட்டி. உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறி, மெதுவாக வெந்த மாட்டின் நெஞ்சுக்கறி, மெல்லிசாக அரிந்து. அதன்மேல் புளிக்கவைத்த கோஸ். மேலே சீஸ். ரொட்டியின் உள்பக்கம் தக்காளி சாஸும் மயோனைஸும் ஊறுகாய் வெள்ளரியும் கலந்த ஒரு குழம்பு. வெளிப்பக்கம் வெண்ணெய். கல்லில் வைத்து அழுத்தி, இரண்டு பக்கமும் சிவக்கச் சுடவேண்டும்.

ஆயிரக்கணக்கில் சுட்டிருப்பேன். முழுசாக ஒன்று தின்றதில்லை. எங்களுக்குக் கடையில் சோறும் சாம்பாரும்தான். சாண்ட்விச்சைக் குறுக்கே வெட்டும்போது ஓரத்தில் உதிர்வதை வாயில் போட்டுக்கொள்வோம், அதையும் முதலாளி பார்க்காத நேரத்தில். ஒரு நாள் ஒரு பெண் வந்து, பாதியைத் தின்று மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதைக் குப்பையில் தள்ளும்போது எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. வீட்டிலேயே செய்துவிடுவது என்று அப்போது முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில், என் கல்லில், முழுசாக.

ஆண்டர்சன்பேட்டையில் கறிக்கடைக்காரர், "பிரியாணிக்கா, வறுவலுக்கா?" என்று கேட்டார். எருமை நெஞ்சுக்கறி, வெட்டாமல், கொழுப்போடு ஒரே துண்டாக வேண்டும் என்றேன். கொழுப்பு எதற்கு என்று தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தார். வீட்டில் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் மிளகு, கடுகு, தனியா, கிராம்பு, பிரிஞ்சி இலை, நசுக்கிய பூண்டு எல்லாம் போட்டு, நன்றாக ஆறவிட்டேன். ஆறாத தண்ணீரில் கறியைப் போட்டால் கெட்டுவிடும். ஒரு மூடி போட்ட டப்பாவில் கறி முழுகும்படி ஊற்றி, மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கி, ஃப்ரிஜ்ஜின் கீழ்த் தட்டில் வைத்தேன். கோஸை நூல்போல அரிந்து, உப்புப் போட்டுத் தண்ணீர் விடும்வரை பிசைந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் திணித்து ஜன்னல் மேல் வைத்தேன்.

நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "இன்னாது அது?" என்று தம்பியிடம் கேட்டாள். என்னிடம் நேராகக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏதோ ரொட்டிக்கு கறி ஊறவெக்கிது" என்றார் அவர்.

"இன்னா கறி?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தினமும் வேலையிலிருந்து வந்ததும் டப்பாவைத் திறந்து கறியைத் திருப்பிப் போடுவேன். புதன்கிழமை வந்து ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டு காலி. டப்பா துவைக்கிற கல்மேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சாக்கடை ஓரத்தில் பக்கத்து லைன் நாய் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் உப்பு தாங்கவில்லை. கடிப்பதும், விட்டுவிட்டு நாக்கை நீட்டுவதுமாக இருந்தது.

"அண்ணி, டப்பாவுல இருந்தது எங்க?"

"அழுகிப்போச்சு. நாத்தம். கொட்டிட்டேன்." தலையை நிமிர்த்தாமல் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அது அழுகல. ஊறுது. ஒரு வாரம் ஊறணும்."

"எனக்கு இன்னா தெரியும்? நாங்க அதெல்லாம் வூட்டுல வெச்சதில்ல."

மறுபடி அந்த "நாங்க". என் வீட்டுக்காரர் முன்பு எப்போதோ சொன்ன ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்தேன். "உங்கம்மா கயிறு கட்டி உப்புக்கண்டம் காயவெப்பாங்களாம். அதுல துண்டு துண்டா திருடி, கரியில சுட்டு, தம்பிக்குக்கூட குடுக்காம துன்னது நீங்கதானாம். அது எந்த வூட்டுல நடந்தது அண்ணி?"

கீரைத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். "எங்கம்மா பேர நீ எடுக்காத" என்றாள். என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது சண்டை என்றும் சொல்லமுடியாது. சத்தமே இல்லை. குழாயில் தண்ணீர் விட்ட அன்று என் டிரம்களை மட்டும் நிரப்பிவிட்டு, அவள் குடத்தைக் காலியாகவே விட்டுக் குழாயை மூடினேன். அடுத்த நாள் மழை வந்தது. கொடியில் இருந்த அவள் புடவையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் வேலைக்குப் போடும் உடுப்பு நனைந்து, சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து வரும் சாம்பல் மண் அப்பி, மறுநாள் நான் ஈரத்தோடு ரயில் ஏறினேன். நான் அவள் உப்பு ஜாடியை எட்டாத உயரத்தில் வைத்தேன். அவள் நான் வரும் நேரம் பார்த்து வாசல் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கப் போனாள். என் வீட்டுக்காரர் இரண்டு பேர் சமைத்ததையும் தின்றுவிட்டு, இரண்டு பேரிடமும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கறிக்கடைக்குப் போனேன். முன்னதைவிடப் பெரிய துண்டு வாங்கினேன். இந்தத் தடவை டப்பாவை மேல் தட்டில், அவளுடைய தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் காதில் விழும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "இது காணாமப் போச்சுன்னா, அடுத்தது பானை நெறைய வாங்கி அடுப்பு மேலயே வெப்பேன். உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க."

அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் டப்பாவைத் தொடவில்லை. ஃப்ரிஜ்ஜையே திறக்கவில்லை. தயிர் புளித்து நீர்விட்டு அங்கேயே கிடந்தது.

சனிக்கிழமை எனக்கு லீவு. கறியை எடுத்துக் கழுவி, புதுத் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் வைத்தேன். குக்கரில் விசில் விட்டால் நார் நாராகப் போய்விடும். தண்ணீர் அசைவது தெரியவேண்டும், கொதிக்கக்கூடாது. மத்தியானம் முழுக்க அடுப்பருகே இருந்தேன். கடையில் வருவதுபோல ரோஜா நிறம் வரவில்லை, அதற்கு அவர்கள் ஏதோ தனி உப்புப் போடுகிறார்கள். என்னுடையது பழுப்பாக வந்தது. கத்தி நுனி உள்ளே வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தண்ணீரோடேயே ஆறவைத்து எடுத்து வைத்தேன். பேக்கரியில் கேழ்வரகு ரொட்டி ஒன்றை வெட்டாமல் முழுசாக வாங்கி வந்தேன். கடையில் போடுகிற கம்பு மாதிரி ஏதோ தானியத்தில் செய்த கருப்பு ரொட்டி இந்த ஊரில் யாரும் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கேழ்வரகில் அந்தப் புளிப்பில்லாவிட்டாலும் அந்தக் கனம் இருந்தது.

ஞாயிறு காலையில் ஆரம்பித்தேன். கறியின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்காக அரிந்தேன். கோஸை ஜாடியிலிருந்து எடுத்துப் பிழிந்தேன். நல்ல புளிப்பு ஏறி, மூக்கைத் துளைத்தது. குழம்பு தடவி, கறி அடுக்கி, கோஸ் பரப்பி, சீஸை வைத்து மூடி, வெளியே வெண்ணெய் பூசி, தோசைக்கல்லில் இரண்டு சாண்ட்விச்சை வைத்தேன். மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் அம்மிக் குழவி. வெண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார், நாத்தனார் புருஷனின் அண்ணன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். அவர் இந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அவள் புருஷனுடைய தலைதிவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கூப்பிட வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள வாங்க மாமா."

அவர் வரவில்லை. மூக்கைச் சுருக்கினார். "இன்னா வாசன இது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. ஏதாவது சொல்லிவிடு, முட்டை என்று சொல், காய் என்று சொல் என்கிற பார்வை. எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

"பெரிய கறிங்க, எருமக் கறி" என்றேன். "ரொட்டியில வெச்சு சுடறேன். ஒக்காருங்க, உங்களுக்கும் ஒண்ணு தரேன்."

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"நான் அதத் தொடறதில்ல மாமா" என்றாள் நாத்தனார் அவசரமாக. "எனக்கு எல்லாம் தனி. பாத்திரம் தனி, அடுப்பத் தொடச்சிட்டுதான்..."

"ஒரே வூடு. ஒரே ஃப்ரிஜ்ஜு. இதுல இன்னா தனி?" அவர் குரலை உயர்த்தவில்லை. கடையில் எடை சொல்வதுபோலச் சொன்னார். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? நீ திவசத்துக்கு வரவேணாம். என் பையன் செஞ்சிடுவான். பிரசாதம் குடுத்தனுப்பறேன்."

"அவருக்கு நான் இல்லாம எப்படி மாமா?"

"நாங்க இல்லையா?" அவர் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். திரும்பும்போது, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "எங்க இருந்து வந்துதோ அங்கதானே போய்ச் சேரும். எத்தினி வருஷம் வெச்சிருந்தாலும் பொறந்த வூட்டு புத்தி."

நாத்தனார் படியை விட்டு இறங்கினாள். அவர் காலில் விழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். விழுந்திருந்தால் அவளிடம் மதிக்க எனக்கு ஒன்றும் மிச்சமிருந்திருக்காது. அவள் ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா முப்பது வருஷம் சொரங்கத்துக் கேஜ்ல எறங்கி ஏறினாரு மாமா. கல்லு தூசி தின்னு நெஞ்சு அடச்சுதான் செத்தாரு. இந்த வூடு அவரு வாங்கினது. புத்தியப் பத்தி இங்க நின்னு பேசாதீங்க. போங்க."

"இன்னாம்மா..."

"போங்கன்னேன்."

அவர் போனார். லைன் வீடுகளில் இரண்டு மூன்று வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போனார்கள். எனக்குப் பின்னாலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. ஓடிப்போய்க் குழவியை எடுத்துத் திருப்பிப் போட்டேன். ஒன்று ஒரு பக்கம் கருகிவிட்டது.

நாத்தனார் உள்ளே வந்து சமையல் இடத்தின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேணும்னே சொன்ன" என்றாள்.

"ஆமா."

"அவரு வருவாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இன்னிக்கு இதான் செஞ்சிருப்பேன்."

"ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா உனக்கு இன்னா கொறஞ்சிருக்கும்?"

"என் கல்யாணத்துல ஒரு சொம்பு தண்ணி குடிச்சிருந்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சிருக்கும்?"

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பந்தியை மறந்துபோயிருந்தாள் என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. அது என்னை இன்னும் கொதிக்கவைத்தது.

"நாசமாப் போ" என்றாள். முன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுகிற சத்தம்.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் வேன் கழுவப் போயிருந்தார். வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கால் அலம்பிக்கொண்டு வந்தார். நல்ல சாண்ட்விச்சைக் குறுக்கே வெட்டி அவருக்குக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு சாத்திய கதவைப் பார்த்தார். "அக்காவ ஒரு தரம் போய்ப் பாரேன்" என்றார்.

"நீங்க போய்ப் பாருங்க. உங்க அக்கா."

முதல் தடவையாக அவர் போனார். கதவைத் தட்டினார். அது திறந்தது, மூடியது. உள்ளே இரண்டு பேரும் பேசுகிற குரல் கேட்டது. நான் கருகினதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தின்றேன். ரொட்டி மொறுமொறுப்பு, உள்ளே கறியின் உப்பு, அதை வெட்டுகிற கோஸின் புளிப்பு, எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிற சீஸ். கடையில் செய்வதைவிட உப்பு ஒரு கல் கூடுதல். அடுத்த அறையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், அதற்காக அதன் ருசி குறையவில்லை. முழுசாகத் தின்றேன். விரலையும் நக்கினேன்.

திவசத்தன்று அவள் தம்பியின் வேனில் பூதிகோட்டைப் பக்கம் போனாள். அங்கே ஒரு சின்னக் கோயில், பக்கத்தில் ஏரி. ஒரு ஐயரைப் பிடித்து, தானே முன்னால் நின்று செய்துவிட்டு வந்தாளாம். பெண்ணே செய்யலாமா என்று ஐயர் கேட்டதற்கு, வேற யாரு கீறாங்க என்று கேட்டாளாம். என் வீட்டுக்காரர் சொன்னார். பஜாரில் அவள் புகுந்த வீட்டிலிருந்து வந்த பிரசாதப் பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை. கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுத்தாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கோயிலிலிருந்து வந்து வடை சுட்டாள். தம்பிக்கு இலையில் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதமே மாலூர் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதத்திலேயே தனக்கென்று ஒரு கேஸ் அடுப்பு வாங்கி முன் அறையில் வைத்துக்கொண்டாள். அதில்தான் சமைக்கிறாள். மஞ்சள் தண்ணீர் நின்றுவிட்டது, துடைக்க என் அடுப்பு இல்லாததால். கறி இன்னும் தின்பதில்லை. அவர்களுக்காக விட்டதை, அவர்கள் இல்லாதபோதும் விட்டபடியேதான் இருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் மாதத்துக்கு ஒரு தரம் கறி ஊறவைக்கிறேன். யாரும் கொட்டுவதில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே ரயில். விடிவதற்கு முன்னால் சாம்பியன் ஸ்டேஷனில் நிற்போம், அவள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். வீட்டிலிருந்து நடந்து வரும்போதும் ஒருத்திக்கு ஒருத்தி ஒரு லைன் தள்ளித்தான் வருவோம். போன வாரம் ரயில் தாமதம். கூட்டம் நெருக்கியதில் அவள் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அவளோடு வேலைக்குப் போகிற ஒரு புதுப் பெண், என்னைக் காட்டி, "தெரிஞ்சவங்களாக்கா?" என்று கேட்டாள்.

நாத்தனார் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வூட்டுல கீது" என்றாள், கூரையில் ஒழுகல் இருக்கிறது என்று சொல்வதுபோல.

ரயில் வந்தது. அவள் முன்னால் ஓடி லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் ஏறினேன்.